யாரங்கே?

மனிதனை மனிதன் என்று நிரூபிக்கச் சாட்சி எது என்ற கேள்வியை வேதாந்த விசாரமாக்காமல், முழுக்க முழுக்க ஒரு சோதனைச்சாலைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, தென் துருவத்துப் பனிக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் 37 பேரைப் பாத்திரங்களாக்கி எழுதப்பட்ட நெடுங்கதை ஒன்று, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தது. இருட்டில் காலடி ஓசை கேட்ட காவலாளி ‘யாரங்கே?’ என்று அதட்டுவானே, அந்தக் கேள்வியே அதன் தலைப்பு: ‘ஹூ கோஸ் தேர்?’ எழுதியவர் டான் ஏ. ஸ்டூவர்ட் என்று அச்சாகியிருந்தது. மெய்யாக எழுதியவரோ, அப்பத்திரிகைக்குச் சில மாதங்களுக்கு முன்தான் ஆசிரியராகப் பொறுப்பேற்றிருந்த ஜான் டபிள்யூ. கேம்பெல் என்ற 28 வயது இளைஞர். மனைவி டோனா ஸ்டூவர்ட்டின் பெயரைச் சற்றே மாற்றிப் புனைபெயராக்கிக் கொண்டிருந்தார்.

பௌதிகம் படித்த இந்த மனிதர், ஐசக் அஸிமோவ், ராபர்ட் ஹெய்ன்லைன் போன்றோரைக் கைபிடித்து வளர்த்த ஆசிரியர் என்ற புகழுக்குரியவர். பிற்காலத்தில் நிறவெறிக் கருத்துகளைக் கூச்சமின்றி எழுதி, அந்தப் புகழுக்குத் தாமே களங்கம் தேடிக்கொண்டவருங்கூட. அவருடைய தாயாருக்கு உருவத்தில் அணுவளவும் வேற்றுமை காண முடியாத இரட்டைச் சகோதரி ஒருத்தி இருந்தாள் என்றும், அன்னை என்று எண்ணி ஓடி வந்த குழந்தையை அச்சிற்றன்னை வெறுப்போடு விலக்கியதுண்டு என்றும், கதையின் வித்து அங்கேதான் விழுந்தது என்றும் அவர் சரித்திரம் எழுதியவர்கள் சொல்வார்கள். எழுத்தாளனின் பிள்ளைப் பிராயத்தைத் துருவி அவன் கதைக்கு மூலம் காட்டும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவு பற்றில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மறுத்துப் பேசுவது கடினம்.

இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் விண்ணிலிருந்து வீழ்ந்து பனியில் புதைந்த கலம் ஒன்றையும், அதன் அருகில் உறைந்து கிடந்த, மூன்று சிவந்த கண்களையுடைய ஜந்து ஒன்றையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுக்கிறார்கள். கலம் அவர்கள் வைத்த வெடியில் எரிந்து போகிறது. ஜந்துவோ கூடாரத்துக்கு வந்து, பனி உருகியதும் உயிர் பெற்று எழுகிறது. எந்த உயிரை விழுங்குகிறதோ அந்த உயிராகவே, உடலிலும் குரலிலும் நினைவிலும் பிசகில்லாமல், அதனால் மாற முடியும். நாய்களாக மாறியதைக் கண்டு கொன்றுவிடுகிறார்கள். மனிதர்களில் எத்தனை பேர் மனிதர்கள் என்பதுதான் தெரியவில்லை. கூடாரத்தில் கறவைப் பசுக்கள் உண்டு. அவையும் பசுக்கள் அல்ல என்று வெளிப்படும்போது, அவற்றின் பாலை இத்தனை நாளும் அருந்தியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்ளும் கட்டத்தை, கதையிலேயே மிகவும் பயங்கரமானது என்பேன். அங்கே ஒரு சொட்டு ரத்தமும் சிந்துவதில்லை.

இனிமேல்தான் பரீட்சை. ஒரு பிராணியின் ரத்தத்தை வேறொரு பிராணியின் உடலில் சிறிது சிறிதாக ஏற்றி வந்தால், அதை எதிர்க்கும் பொருள் பின்னதன் ரத்தத்தில் உண்டாகும். அதன் ரத்தநீரைப் பிறகு எடுத்து, முன்னதன் ரத்தத்தோடு கலந்தால் பால் திரிவது போலத் திரியும். ஜெர்மானிய வைத்தியர் உலென்ஹூத் 1901-இல் இந்த முறையைக் கொண்டு மனித ரத்தத்தை மிருக ரத்தத்திலிருந்து பிரித்துக் காட்டினார். கொலை வழக்குகளில் இது வெகு காலம் சாட்சி சொல்லியிருக்கிறது. கதையில் வரும் வைத்தியரும் இதையே கையாளுகிறார். தம் ரத்தத்தையும் தலைவரின் ரத்தத்தையும் ஒரு நாய்க்கு ஏற்றி, அதன் ரத்தநீரைச் சோதித்தால், அது மனித ரத்தத்தையும் திரிக்கிறது, ஜந்துவின் ரத்தத்தையும் திரிக்கிறது. அப்படியானால், ரத்தம் கொடுத்த இருவரில் ஒருவர் மனிதர் அல்லர்! அளவுகோலே பொய்த்துவிட்டது, அதைவிடக் கொடுமை, தலைவரும் வைத்தியருமாகிய அந்த இருவரில் எவரை நம்புவது என்பதும் தெரியவில்லை. மர்மக் கதைகளில் எத்தனையோ திருப்பங்களைப் படித்திருக்கிறோம். தர்க்கத்தின் இரண்டே படிகளில் ஒரு சபையின் அஸ்திவாரத்தையே பெயர்த்தெடுக்கும் திருப்பம் இதைப் போல் வேறொன்று அபூர்வம்.

இதற்கிடையே சமையற்காரன் கின்னர் கொலையுண்டு கிடக்கிறான். அவன் மனிதனே அல்ல என்பது பிறகு தெரிய வருகிறது. ஜந்துவின் ஒவ்வொரு துண்டும் தனித்தனி உயிர், ஒவ்வொன்றும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே முயலும் என்ற உண்மை அப்போது மெக்ரெடி என்பவனுக்குப் புலப்படுகிறது. மனித ரத்தம் உடலை விட்டு வந்தால் வெறும் திரவம். பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் இட்டால் சும்மா கிடக்கும். ஜந்துவின் ரத்தமோ அஞ்சி ஓடும். எதிரியின் சுயநலத்தையே அவனுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தும் இந்த உபாயத்தால் மனிதர் ஜெயிக்கிறார்கள். அறிவு பிழைத்தால் உலகம் பிழைக்கும் என்ற கேம்பெலின் நம்பிக்கை கதை முடிவில் சற்று உரக்கவே ஒலிக்கிறது.

1951-இல் ஹோவர்டு ஹாக்ஸ் தயாரித்து, கிறிஸ்டியன் நைபியின் பெயரில் வெளிவந்த ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ என்ற படம் இந்தப் பரீட்சையை அடியோடு கைவிட்டது. களம் வடதுருவத்துக்கு மாறியது. உருமாறும் ஜந்துவின் இடத்தில், ரத்தம் குடித்து வளரும் தாவர இனத்து ராட்சதன் ஒருவன், நெட்டை நடிகர் ஜேம்ஸ் ஆர்னெஸ்ஸின் உருவில் வந்து நின்றான். பகைவன் யார் என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆயினும் படத்தை இகழ்வதற்கில்லை. பனிக்கு அடியில் தெரியும் நிழலின் வடிவை அறிய, அதன் விளிம்பு நெடுக ஆளுக்கோர் இடமாகக் கைகளை நீட்டி நின்றவர்கள், தாங்கள் நிற்பது ஒரு பெரிய வட்டம் என்று திடீரென உணரும் காட்சி, பறக்கும் தட்டைக் காட்டாமலே காட்டிவிடுகிறது. அந்நியனோடு பேசிப் பார்ப்போம் என்னும் விஞ்ஞானியைப் பேதையாகவும், மின்சாரத்தால் எரித்துத் தீர்க்கும் ராணுவத்தாரை வீரராகவும் ஆக்கியிருப்பதை மட்டும், கேம்பெலின் கதையைப் படித்தவன் ஜீரணித்துக் கொள்வது கடினம்.

இப்படத்தின் மீது பிரியம் கொண்டவர் ஜான் கார்ப்பென்டர். 1978-இல் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்திலேயே, குழந்தைகள் தொலைக்காட்சியில் இதைப் பார்ப்பதாக ஒரு காட்சி வைத்தார். அவரே 1982-இல் ‘தி திங்’ என்ற பெயரில் இக்கதையைப் படமாக்கியபோதோ, ஹாக்ஸை விட்டுவிட்டுக் கேம்பெலிடம் திரும்பினார். தென் துருவமும் உருமாறும் ஜந்துவும் மீண்டன. ஆட்கள் மட்டும் 37-இலிருந்து 12 ஆகக் குறைந்தார்கள். ராப் பாட்டின் என்ற இளைஞர் ரப்பரும் ரசாயனமும் கொண்டு சிருஷ்டித்த விகார உருவங்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது கம்பியைப் பற்றி.

ரத்தநீர்ச் சோதனைக்கென வைத்திருந்த ரத்தத்தை எவரோ அழித்துவிட, மக்ரெடியாக வரும் கர்ட் ரஸ்ஸல், எஞ்சியவர்களைக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் ரத்தத்தையும் சிறு கண்ணாடித் தட்டில் எடுத்து வரிசையாக வைக்கிறார். செம்புக் கம்பியைத் தீயில் காட்டித் தட்டில் வைத்தால் ‘சுர்’ என்ற ஓசை, அவ்வளவே. மறுபடி தீ, மறுபடி ‘சுர்’. இறந்து கிடக்கும் கிளார்க்கின் ரத்தமும் அவ்வாறே ஓசையிட்டு அடங்குகிறது. சற்று முன் அவனைச் சுட்டுக் கொன்றவர் மக்ரெடியே. கேம்பெலின் கதையில் கொலையுண்டவன் ஜந்துவாக இருந்ததால் கொலை கொலையாகவில்லை. இங்கே பரீட்சை மனிதனென்று காட்டியதால் அது கொலையாகிவிட்டது. பிறகு, தலைவர் கேரியைத்தான் சந்தேகிப்பதாக மக்ரெடி பேசிக்கொண்டே, நாமும் கேரியின் முகத்தையே பார்த்துக் கொண்டிருக்கையில், பாமர் என்பவனுடைய தட்டில் அசிரத்தையாகக் கம்பியை வைக்க, ரத்தம் அலறிக்கொண்டு துள்ளுகிறது. இறுதியில் கூடாரம் தீக்கிரையான பிறகு, உயிரோடு எஞ்சிய இருவர், எதிரே இருப்பவன் யாரென்று அறிய வழியில்லாமல் குளிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். பரீட்சை உண்டு, அதன் பலன் மட்டும் நிலைப்பதில்லை என்ற இந்த முடிவு கதையின் முடிவை விட முதிர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், ஸ்பீல்பெர்க்கின் சாதுவான விண்வெளிப் பிராணி ‘ஈ.டி.’ வந்து இரண்டே வாரங்களில் வெளியான இப்படத்தை, விமரிசகர்கள் அருவருப்பென்று ஒதுக்கினார்கள். பிற்காலத்தில்தான் அதற்குக் கௌரவம் வந்தது. தென் துருவத்து அமெரிக்க ஆராய்ச்சி நிலையத்தில், கடைசி விமானம் புறப்பட்டுக் குளிர்கால வாசம் தொடங்கும்போது இப்படத்தைப் போட்டுப் பார்ப்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

கார்ப்பென்டர் படத்தின் முன்கதையாக, நார்வீஜியர் முகாம் ஒன்றில் அதற்கு முன் நடந்ததைக் கூறும் படம் 2011-இல் வந்தது. உயிரற்ற உலோகத்தை ஜந்துவால் பிரதி எடுக்க முடியாதாம். ஆகவே பல்லில் உலோகம் அடைத்தவன் மனிதன் என்பது அதில் பரீட்சை. சொத்தைப் பல் இல்லாத பாக்கியசாலிகளெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாவது வேடிக்கையான யோசனைதான். ஆனால் அசலும் நகலும் பற்றிய இப்படத்துக்கென்று கைவினைஞர் செய்து கொடுத்த உருவங்களில் பெரும்பாலானவற்றைக் கம்ப்யூட்டர் சித்திரங்களால் மூடிவிட்டார்கள், பரிதாபமான காரியம்.

முன்கதை சொல்லும் ஆசை கேம்பெலுக்கும் இருந்ததென்பது 2018-இல் தெரிய வந்தது. ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருந்த அவர் காகிதங்களிலிருந்து இக்கதையின் நீண்ட கையெழுத்துப் பிரதி கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டில் ‘ஃப்ரோஸன் ஹெல்’ என்ற பெயரில் நூலாயிற்று. கலத்தைத் தேடிப் போனதும் தோண்டியதும் அதன் தொடக்கத்தில் பல அத்தியாயங்களாக விரிந்து கிடக்கின்றன. அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு, வியர்வையும் கடல்நாய்க் கொழுப்பும் புழுங்கி நாறும் நெருக்கடியான அறையில், பனிக்கட்டியோடு மேஜை மேல் கிடத்தப்பட்ட ஜந்துவைச் சுற்றி எல்லோரும் ஏற்கெனவே கூடி நிற்பதாகக் கதையைத் தொடங்கினார் கேம்பெல். புதிதாய்ப் படிக்க எடுப்பவர்கள் அந்தச் சுருங்கிய பாடத்தையே முதலில் எடுக்க வேண்டும். விரிந்ததை, ஒரு நல்ல ஆசிரியன் தன் எழுத்தின் மீதே எவ்வளவு இரக்கமில்லாமல் கத்தி வைத்தான் என்று பார்ப்பதற்காகப் பிற்பாடு படித்துக் கொள்ளலாம்.