சுட்டால் ஒலிக்கும் எஃகு

அமெரிக்க நாட்டுப்புறங்களில் சொந்த நிலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகுபவர்களில் பலர், காகித இலக்கைவிட எஃகுத் தகட்டையே விரும்புகிறார்கள். காகிதத்தில் துளை விழுந்ததா என்று பார்க்கத் தொலைநோக்கி வேண்டும், இல்லையென்றால் நடந்து போக வேண்டும். எஃகு, குண்டு பட்ட கணமே 'டங்' என்று ஒலிக்கும். 300 மீட்டர் தள்ளித் தொங்கினாலும் ஒரு விநாடிக்குள் ஓசை காதுக்கு வந்துவிடும். கைத்தொழில் தெரிந்தவர்கள் இதை வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள்.

தகடு குண்டைத் தடுத்தால் மட்டும் போதாது. குண்டைப் பொடியாக்கி, அந்தச் சிதறலை ஆள் இல்லாத பக்கம் தள்ளவும் வேண்டும். அதனால்தான் சாதாரண எஃகுத் தகடு (எம்.எஸ். பிளேட்) இந்த வேலைக்கு ஆகாது. நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாயும் ரைஃபிள் குண்டு அதில் குழி பறித்துவிடும். கரண்டியின் குழிந்த பக்கத்தைக் குழாயடியில் காட்டினால் தண்ணீர் நம் மேலேயே தெறிக்கிறதல்லவா, அடுத்த குண்டு அந்தக் குழியில் பட்டால் ஈயமும் செம்பும் அப்படித்தான் சுட்டவரை நோக்கித் திரும்பும். இங்கே எடையைவிட வேகமே பொல்லாதது. 15 கிராம் எடையுள்ள கைத்துப்பாக்கிக் குண்டைவிட, மூன்றரை கிராம் ரைஃபிள் குண்டுதான் ஆழமாகத் துளைக்கும்.

எனவே நாடுவது ஏஆர்500 என்ற எஃகை. சுரங்க லாரிகளின் தொட்டியிலும் மண்வாரி இயந்திரங்களிலும் தேய்மானம் தாங்கப் பயன்படும் வகை இது. 500 என்பது, சுவீடன் பொறியாளர் யோஹான் பிரினெல் 1900இல் வெளியிட்ட அளவுகோலில் அதன் கடினம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்றைப் பெரும் பாரத்தால் உலோகத்தில் அழுத்தி, விழும் பள்ளத்தை அளப்பதே அவர் முறை. சாதாரண எஃகு அதில் 120 அளவில் நிற்கும்.

ஏஆர்500இன் கடினம் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பதால் வந்தது. மறுபடி சூடேற்றினால் போய்விடும். புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கேஸ் கட்டிங் செய்தால் வெட்டிய ஓரம் அகலமாக மென்மையாகிவிடும். கொக்கியை வெல்டிங் செய்தால் அந்த இடம் பலவீனப்படும். நீர்ப்பீச்சு (வாட்டர்ஜெட்) முறையில் வெட்டி வாங்கி, போல்ட் போட்டு மாட்டுவதே நல்லது. முன்பக்கம் தெரியும் போல்ட்டின் தலை உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும்.

ரைஃபிளுக்கு முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர் கனம் வழக்கம். தகட்டின் மேல்விளிம்பு சுடுபவரை நோக்கி 20 பாகை முன்சாய்ந்து தொங்கும். சிதறல் தகட்டின் பரப்பை ஒட்டியே விரிவதால், இந்தச் சாய்வு அதில் பெரும்பகுதியைத் தரைக்கு இறக்கிவிடும். அங்கே கல் இல்லாத மணல் வேண்டும். பின்னால் உயரமான மண்மேடும் வேண்டும். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 கஜமும் ரைஃபிளுக்கு 100 கஜமும் தள்ளி நிற்கச் சொல்வார்கள். பக்கவாட்டுத் தெறிப்பு வெகுதூரம் போகும் என்பதால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எஃகு உள்ளீடு கொண்ட குண்டுகள் கூடவே கூடாது. அவை உடையாமல் தகட்டையே குழியாக்கும். குழி விழுந்த தகட்டைத் திருப்பி மாட்டாமல் கழற்றிவிட வேண்டும். உடையும் ஈயம் தூளாக உடம்பிலும் உடையிலும் படிவதால், சாப்பிடுவதற்கும் குழந்தைகளைத் தூக்குவதற்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.