எண்ணெய் மிதியும் காற்றுத் தகடும்: மின்னணுத் திராட்டிலை வேறோர் இயந்திரத்துக்குப் பொருத்துதல்

மலாய்மொழியில் மகிழுந்தின் முடுக்கு மிதியைப் ‘பெடால் மிஞாக்’ என்பர். எண்ணெய் மிதி என்பது அதன் பொருள். நம் நாட்டுத் தமிழரும் பெட்ரோலை ‘எண்ணெய்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். ஆதலின், மிதியை அழுத்தினால் எண்ணெய் மிகுதியாக இயந்திரத்துள் பாய்கிறது என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் ஆழப் பதிந்து கிடக்கிறது. பெட்ரோல் இயந்திரத்தில் நடப்பது அதுவன்று. ஓட்டுநரின் கால் திறப்பது காற்றின் வழியை. உட்செல்லும் காற்றின் அளவறிந்து அதற்கேற்ப எரிபொருள் சேர்க்கப்படுகிறது. டீசல் லாரியில்தான் மிதி எரிபொருளையே ஆள்கிறது. அங்கே மலாய்ச் சொல் முற்றும் பொருந்தும்.

காற்றின் வழியில் அமைந்த உலோகக் குழலும், அதனுள் ஓர் அச்சில் சுழலும் வட்டத் தகடும் சேர்ந்ததே திராட்டில். ஆங்கிலத்தில் இச்சொல் தொண்டையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. குரல்வளையை நெரித்தல் என்னும் பொருளும் அதற்குண்டு. ‘நெரிப்பான்’ என்று தமிழாக்கம் செய்யலாம். ஆனால் ஜார்ஜ் டவுன் பட்டறை எதிலும் அச்சொல்லைச் சொல்லிப் பொருள் வாங்க இயலாது. எனவே முழுப் பொருளையும் ‘திராட்டில்’ என்றும், உள்ளே சுழல்வதைக் ‘காற்றுத் தகடு’ என்றும் இங்கு வழங்குகிறேன்.

1985-ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்தது; அதே ஆண்டில் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. அக்காலச் சாகாவில் மிதிக்கும் காற்றுத் தகட்டுக்கும் இடையே இருந்தது ஓர் எஃகு வடம் மட்டுமே. கால் எவ்வளவு அழுத்தியதோ அவ்வளவு தகடு திறந்தது. 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் பன்னிரு உருளை 750 வகை வண்டியில் அவ்வடத்தை நீக்கியது. மிதியில் ஓர் உணரி, தகட்டில் ஒரு மின்மோட்டார், இரண்டுக்கும் நடுவே ஒரு கணினி என்று அமைப்பு மாறியது. சக்கரம் வழுக்கும்போது கணினியே காற்றைக் குறைக்கலாம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தைக் காக்கலாம். வண்டி நிற்கும்போது இயந்திரத்தின் வெற்றோட்டத்தைச் சீராக்கலாம். முன்பு தனித்தனிக் கருவிகள் செய்த வேலைகளை ஒரே மோட்டார் ஏற்றுக்கொண்டது.

இன்று நம் நாட்டில் இந்தப் பொருத்துவேலை எழுவது பெரும்பாலும் ‘ஹாஃப் கட்’ வழியாக. ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டியின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்வதையே அப்பெயரால் அழைக்கிறோம். அதிலுள்ள இயந்திரம் மின்னணுத் திராட்டிலோடு வரும். அதை ஏற்கும் பழைய வீராவிலோ சாகாவிலோ வட மிதி இருக்கும். சில வேளைகளில் நிலைமை தலைகீழாகும். பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டே அதன் தேய்ந்த திராட்டிலுக்கு மாற்றாக வேறொரு வண்டியின் மின்னணுத் திராட்டிலைப் பூட்ட விரும்புவர். இயந்திரத்தையே மாற்றுவோர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வண்டிப் பரிசோதனையும் பெறவேண்டும். அதனை இங்கு விரிக்கவில்லை.

முதலில் துளையின் அளவைப் பார்ப்போம். 46 மி.மீ. விட்டமுள்ள திராட்டில் இருந்த சிறிய இயந்திரத்தில் 60 மி.மீ. திராட்டிலைப் பொருத்துவதாகக் கொள்வோம். விட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூடியிருக்கிறது. ஆனால் பரப்பு விட்டத்தின் இருமடியாக வளர்வதால் அது 1.7 மடங்காகிறது. அதாவது, அதே பாகை திறப்பில் 1.7 மடங்கு வழி. இதனால் குதிரைத்திறன் பெருகும் என்று நம்புவோர் பலர். இயந்திரம் உறிஞ்சும் காற்று அதன் கொள்ளளவையும் வேகத்தையும் பொறுத்ததாதலின், பழைய துளையே போதுமானதாக இருந்திருந்தால் பெரிய துளையால் ஆதாயம் சிறிதே. மாறாக மிதியின் தொடக்கம் முரடாகும். வெற்றோட்டத்தில் தகட்டைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் காற்று ஒலியின் வேகத்தில் பாய்கிறது. தகட்டுக்குப் பின்னுள்ள அழுத்தம் வெளியழுத்தத்தின் ஏறத்தாழ 53 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்நிலை வந்துவிடும். அந்நிலையில் காற்றின் அளவைத் தீர்மானிப்பது இடைவெளியின் பரப்பு ஒன்றே. ஒரு பாகையின் சிறு பகுதி பிசகினாலும் இயந்திரம் உறுமும் அல்லது அணையும்.

அடுத்தது இடைத்தகடு. திராட்டிலின் திருகுத் துளைகளும் பகிர்குழாயின் துளைகளும் ஒத்துவராதபோது அலுமினியத்தில் ஓர் இடைத்தகடு கடைந்து இணைக்கின்றனர். இங்கே ஒரு வடிவியல் கணக்கு ஒளிந்திருக்கிறது. கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்தாளலாம். வட்டத் தகடு தன் விட்டத்தின் வழியே செல்லும் அச்சில் சுழலும்போது ஒரு கோளத்தின் பரப்பை வரைகிறது. 60 மி.மீ. தகடு வரைவது 30 மி.மீ. ஆரமுள்ள கோளம். அச்சிலிருந்து திராட்டிலின் அடிமுகம் 15 மி.மீ. தொலைவில் இருந்தால், அத்தளத்தில் கோளத்தின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 52 மி.மீ. விட்டமுடையது. அங்கே 46 மி.மீ. துளையின் விளிம்பு நின்றால் என்ன ஆகும்? தகடு 30 பாகை திறந்ததும் அவ்விளிம்பில் முட்டும். வெறுமனே முட்டி நின்றால் பிழைத்தோம். ஆப்புப்போல் இறுகிவிட்டால் தகடு மூடாது. ஆகவே இடைத்தகடு குறைந்தது 5 மி.மீ. நீளத்துக்கு அகன்ற துளையோடு சென்று, அதன் பின்னரே குறுகவேண்டும். இந்த ஒரு கணக்கைப் போடாமல் கடைசல் எந்திரத்தின் முன் நிற்பது தகாது.

மின்பகுதிக்கு வருவோம். பெரும்பாலான மின்னணுத் திராட்டில்களில் ஆறு கம்பிகள் உள்ளன: மோட்டாருக்கு இரண்டு, உணரிகளுக்கு 5 வோல்ட்டும் தரையும், எஞ்சிய இரண்டும் தகட்டின் நிலையைச் சொல்லும் குறிப்புகள். மோட்டாரின் மின்சாரம் அற்றுப்போனால் எதிரெதிராக இழுக்கும் சுருள்வில்கள் தகட்டை முற்றிலும் மூடாமல் சில பாகை திறந்த நிலையில் நிறுத்தும். பழுதான வண்டி ஊர்ந்தேனும் ஓரிடம் சேரவேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. இதனால் இரண்டு விளைவுகள். தகட்டை அந்நிலைக்கு மேலே திறக்க ஒரு திசையிலும், கீழே மூட எதிர்த்திசையிலும் மோட்டாரைத் தள்ளவேண்டும். ஒரே திசையில் மின்சாரம் தரும் எளிய சுற்று உதவாது. மேலும், பெரிய இயந்திரத்துக்கென வகுத்த அந்தச் சிறு திறப்பு, சிறிய இயந்திரத்துக்குப் பெருந்திறப்பாகும். உயிர்காக்க வைத்த நிலையே வண்டியை வேகமாக இழுத்துச் செல்லும் நிலையாகிவிடக் கூடும்.

பழைய கட்டுப்பாட்டுக் கணினிக்கு மோட்டாரை ஓட்டத் தெரியாது. ஆகையால் மின்னணுத் திராட்டிலை ஆளவல்ல புதிய கணினியோ, தனிக் கட்டுப்படுத்தியோ வேண்டும். அது செய்வது என்ன என்பதற்குப் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுன் வரும் படகை நினைத்துக்கொள்ளுங்கள். துறைக்கு இன்னும் எவ்வளவு தொலைவு என்று பார்த்து மாலுமி விசை தருகிறார். துறையை விரைந்து நெருங்கினால் மோதாதிருக்கும் பொருட்டு முன்னதாகவே விசையைக் குறைக்கிறார். நீரோட்டம் ஒரே பக்கமாகத் தள்ளி, எப்போதும் சிறிது விலகியே நிற்க நேர்ந்தால், அவ்விலகல் நீடிக்க நீடிக்க விசையைக் கூட்டுகிறார். கட்டுப்படுத்தியிலும் இம்மூன்று கணக்குகளே உள்ளன, பட்டறைகளில் ‘பி.ஐ.டி.’ என்பது இதனையே. சுருள்வில்லின் வலிமை, பல்சக்கரங்களின் தளர்வு, அச்சின் உராய்வு ஆகியன ஒவ்வொரு திராட்டிலுக்கும் வேறானவை. ஆதலின் வேறொருவர் வண்டியின் எண்களைப் படியெடுத்து இட்டால் தகடு நடுங்கும். நடுங்கும் மோட்டார் சூடேறும்.

இனி, நான் பேச வந்ததன் மையம். மிதியிலும் தகட்டிலும் உணரிகள் ஏன் இரண்டிரண்டாக உள்ளன? ஒன்று கெட்டால் மற்றொன்று வேலை செய்யட்டும் என்பதற்காக என்று பலர் விடை சொல்வர். அது பாதி உண்மை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்க முடியவேண்டும் என்பதே முதன்மையான நோக்கம். பல திராட்டில்களில் ஓர் உணரியின் மின்னழுத்தம் தகடு திறக்கத் திறக்க உயரும். மற்றதன் மின்னழுத்தம் இறங்கும். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இரு கம்பிகளும் ஒன்றோடொன்று உரசினால் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும், கூட்டுத்தொகை பிசகும், கணினி ஐயுற்று மோட்டாரை நிறுத்தும். ஒரே திசையில் ஒரே அளவாக ஏறும் இரண்டு உணரிகளுக்கு இத்திறம் இல்லை.

முன்பு என்னிடம் பயின்ற ஒருவர், தாம் பொருத்திய வண்டியைக் காட்ட வந்திருந்தார். மிதியின் இரண்டாம் உணரி பிழைக்குறி காட்டிக்கொண்டே இருந்ததாம். முதல் உணரியின் கம்பியிலிருந்தே ஒரு கிளை எடுத்து, கணினியில் உரிய அளவுகளையும் மாற்றி, இரண்டாம் வாயிலிலும் இணைத்திருந்தார். பிழைக்குறி மறைந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். ஒரே சாட்சியை இரண்டு பெயரில் கூண்டில் ஏற்றினால் வழக்கு விரைவில் முடியும்தான். மறுநாளே அக்கிளையை வெட்டச் சொன்னேன். பழுதான மிதியை மாற்ற அவருக்கு ஒரு மாதச் சேமிப்புச் செலவாயிற்று.

இவ்வளவு ஐயம் தேவைதானா என்று கேட்போருக்கு ஒரு சான்று. டொயோட்டா வண்டிகள் தாமாக விரைகின்றன என்ற முறையீட்டை அமெரிக்க அரசின் வேண்டுகோளின் பேரில் நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தனர். அறிக்கை 2011-இல் வெளிவந்தது. பெரும் திறப்பை விளைக்கும் மின்னணுக் குறை எதனையும் அவர்கள் காணவில்லை. எனினும் ஒரு மிதி உணரியினுள் வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போன்ற உலோக நூல் வளர்ந்து இரு தடங்களை இணைத்திருந்ததைக் கண்டனர். ஆங்கிலத்தில் இதனை வெள்ளீய மீசை என்றே பொருள்படச் சொல்வர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தை உருக்கி உலகுக்கு அனுப்பிய பினாங்கில் இருந்துகொண்டு இச்செய்தியைப் படிப்பது விந்தையாகத்தான் இருக்கிறது.

மாணவர் வடிவமைக்கும் பந்தய வண்டிகளுக்கான அனைத்துலகப் போட்டியான ‘ஃபார்முலா எஸ்.ஏ.இ.’ விதிகள் இதில் நல்ல அளவுகோல் தருகின்றன. இரு உணரிகளின் கூற்றுகள் 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டு, அந்நிலை 100 மில்லி வினாடிக்கு மேல் நீடித்தால் திராட்டில் மோட்டாரின் மின்சாரம் துண்டிக்கப்படவேண்டும். பொதுச்சாலையில் செல்லும் வண்டிக்கு இதனினும் தளர்ந்த விதி வைத்துக்கொள்ள நியாயமில்லை. தடையை மறக்கலாகாது. தடை மிதியை இலேசாக்கும் உதவிவிசை, திராட்டில் மூடியிருக்கும்போது பகிர்குழாயில் உண்டாகும் வெற்றிடத்திலிருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. தகடு திறந்தபடி சிக்கினால் அவ்வெற்றிடம் புதிதாக உண்டாகாது. பதற்றத்தில் தடையைப் பலமுறை விட்டு விட்டு மிதிப்பவர் சேமிப்பிலிருந்த உதவியையும் இழப்பார். ஆகவே தடையும் முடுக்கும் ஒருசேர அழுத்தப்பட்டால் தடையின் சொல்லே செல்லுபடியாகுமாறு கட்டுப்படுத்தியை அமைக்கவேண்டும்.

பொருத்தி முடித்தபின் சோதனை இவ்வாறு நடக்கவேண்டும். முதலில் இயந்திரத்தை ஓட்டாமல், திறவுகோலை மட்டும் திருப்பி, கணினிக்குத் தகட்டின் முழு மூடலையும் முழுத் திறப்பையும் கற்பிக்கவேண்டும். பின்பு உணரிக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் தகடு தன் சுருள்வில் நிலைக்கு மீள்கிறதா என்று காற்றுவடிகட்டி இல்லாத வாய்வழியே கண்ணால் பார்க்கவேண்டும். விரலை அதனுள் விடுதல் ஆகாது. இரு குறிப்புக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்தும் பார்க்கவேண்டும். அதன் பிறகே இயந்திரத்தை இயக்கி, வண்டியைத் தாங்கிகளில் உயர்த்தி, சக்கரங்கள் தரையில் படாத நிலையில் அதே சோதனைகளை மீண்டும் செய்யவேண்டும். அப்போது எரிபொருள் இறைப்பியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தானைக் கையில் பிடித்தபடி இன்னொருவர் அருகில் நிற்கவேண்டும்.