சனீஸ்வரன் பாட வந்தால்

தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகங்களுக்குச் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் பழைய ரசிகர்கள் உண்டு. அந்த நாடகங்களுக்கு வடிவம் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டிக்காரர்.

அவரே முதலில் ஏற்றவை எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் வேடங்கள்தான். எமனாக வந்த அவரைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது. விடியலில் சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்கப் போனபோது எதிர்ப்பட்ட பெண் அதிர்ச்சியில் உயிரை விட்டாள். நாடக உலகம் வழிவழியாகச் சொல்லும் கதை இது. மனம் நொந்தவர் வேடம் கட்டுவதையே விட்டாராம்.

ஆனால் எமன் வில்லனா? அவன் பார்ப்பது உத்தியோகம். மன்னன் நளனைப் படுத்தும் சனீஸ்வரனிடம்தான் அசல் வில்லத்தனம் இருக்கிறது: தமயந்தி தன்னை விட்டு நளனுக்கு மாலையிட்டாள் என்ற அற்பப் பொறாமைக்கு ஒரு நாட்டையே சூதில் இழக்க வைக்கிறான்.

ஐரோப்பிய ஆப்பராவிலும் இந்த அற்பத்தனம்தான் மிரட்டுகிறது. வெர்டியின் ‘ஒத்தெல்லோ’வில் (1887) வில்லன் இயாகோவின் ஆயுதம் ஒரு கைக்குட்டை. புச்சினியின் ‘தோஸ்கா’வில் (1900) போலீஸ் அதிகாரி ஸ்கார்ப்பியா, தேவாலயத்தில் துதிப்பாடல் முழங்க, அதனூடே தன் காமத்தைப் பாடுகிறான். அதுவும் கேட்பவர் சொக்கிப்போகும் இசையில்!