ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால்

மாரி தொடங்கினால், யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதுமே டெங்குப் பயம் வந்துவிடும். நியாயமான பயம்தான். ஆனால் இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்ததும், ‘சும்மா வைரஸ் காய்ச்சல்’ என்று பலர் ஆறிவிடுகிறார்கள். பிள்ளைகள் வாட்டில் நெடுங்காலம் தாதியாக நின்றவள் நான். காய்ச்சல் ஐந்தாம் நாளும் விடாவிட்டால் அந்த இடத்தில் ஆறிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவசாகி 1961இல் முதன்முதல் கண்டு, 1967இல் 50 பிள்ளைகளின் விபரங்களோடு எழுதிய, விடாத காய்ச்சலோடு வரும் நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரையே பிடிக்கும் இந்தக் கவசாகி நோயில் இரத்தக் குழாய்கள் அழற்சியடைகின்றன. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய்கள் வீங்கிப் புடைக்கலாம்.

இன்ன கிருமிதான் காரணம் என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனால் நோய் பருவத்தோடு கூடிக் குறைகிறது. ஜப்பானில் 1979, 1982, 1986 ஆம் ஆண்டுகளில் அலையாகவே வந்தது. 2020இல் பள்ளிகள் மூடி, முகக்கவசம் போட்டு, தடிமனும் சளியும் குறைந்தபோது அங்கே கவசாகியும் குறைந்தது. அதே ஆண்டு ஐரோப்பாவில், கொரோனா தொற்றிச் சில கிழமைகளின் பின் பிள்ளைகளுக்குக் கவசாகியை ஒத்த ஒரு நோய் வந்தது. கள்ளன் ஓடிய பிறகும் காவல்நாய் வீட்டாரையே கடிப்பதுபோல, வைரஸை விரட்ட எழுந்த எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கியது. பரம்பரையாக அதற்கு இடங்கொடுக்கும் உடல்வாகுள்ள பிள்ளைகளில் ஏதோ ஒரு தொற்றுத்தான் கவசாகியையும் கிளப்பிவிடுகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பத்து மாதக் குழந்தை ஒன்று எங்கள் வாட்டுக்கு வந்தது. கண் இரண்டும் சிவப்பு, பீளை இல்லை. உதடு வெடித்திருந்தது. சட்டையைக் கழற்றினால், பிறந்தவுடன் இடது புயத்தில் போட்ட பிசிஜி ஊசித் தழும்பு சிவந்து தடித்திருந்தது. “நுளம்பு கடிச்சிருக்குப் பிள்ளை” என்றா அம்மம்மா. வைத்திய நிபுணர் அதைப் பார்த்தவுடன் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார். கைக்குழந்தைகளில் அந்தத் தழும்புச் சிவப்பு கவசாகியின் முக்கிய தடயம்.

செம்புற்றுப்பழம் (ஸ்ட்ரோபெரி) போன்ற நாக்கு, உடம்பில் தடிப்பு, கைகால் வீக்கம், கழுத்தில் நெறி ஆகியவையும் அறிகுறிகள். எல்லாம் ஒரே நாளில் வராது. காலையில் இருந்த தடிப்பு மாலையில் மறைந்துவிடும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். விரல்நுனித் தோல் உரிவது பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமைகளின் பின்தான். அதுவரை காத்திருக்கக் கூடாது.

மருத்துவம் செய்யாவிட்டால் நாலில் ஒரு பிள்ளைக்கு இதயக் குழாய் பழுதாகலாம். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினால் அது ஏறக்குறைய இருபதில் ஒன்றாகக் குறையும். அஸ்பிரினும் கொடுப்பார்கள். அது வைத்தியர் கையால் மட்டுமே. டெங்குப் பிள்ளைக்கு அதுவே இரத்தக்கசிவை உண்டாக்கும். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிள்ளைக்கு எம்எம்ஆர் ஊசியைப் பல மாதங்கள் தள்ளிப்போட வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பத்து நாள் கணக்கு, காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே ஓடுகிறது. ஐந்து நாளைப் பனடோலோடு கழித்தவர்களுக்கு மிச்சம் ஐந்தே நாள்.