சுடும் கூரை... சூடு எவ்வளவு இறங்குகிறது? காட்டிக்கொடுக்கும் மெல்லிய பட்டை!

காலையில் ஒரு காலைப் பாயிலும் இன்னொரு காலை டைல்ஸ் தரையிலும் வைத்துப் பாருங்கள். டைல்ஸ் ஜில்லென்று இருக்கும். இத்தனைக்கும் இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

டைல்ஸ் நம் பாதத்தின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் நம் தோல் உணர்கிறது. அந்த ஓட்டத்தை எண்ணாகச் சொல்லும் கருவிதான் 'ஹீட் ஃப்ளக்ஸ் சென்சார்'.

எப்படி வேலை செய்கிறது?

பார்க்க ஸ்டிக்கர் போல இருக்கும். சில வகைகள் அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. வெப்பம் இதைக் கடக்கும்போது ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் துளி அதிகம் சூடாகும். உள்ளே இரு வேறு உலோகங்கள் சேரும் நுண்ணிய இணைப்புகள், அந்த வித்தியாசத்தைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும். 1821-ல் தாமஸ் சீபெக் கண்டறிந்த விளைவு இது. அதிலிருந்து, ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் பாய்கிறது என்று கணக்கிடலாம்.

மொட்டைமாடிக்குக் கீழே...

அறை எவ்வளவு சூடு என்று தெர்மாமீட்டர் சொல்லும். அந்தச் சூடு கூரை வழியாக வருகிறதா, சுவர் வழியாகவா என்று சொல்லாது. சென்சாரை உள்கூரையில் ஒட்டினால் தெரிந்துவிடும்.

உதாரணமாக, அது சதுர மீட்டருக்கு 40 வாட் காட்டினால், 10 சதுர மீட்டர் அறைக்குள் 400 வாட் வெப்பம் இறங்குகிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடும். அப்படியென்றால், கூடுதலாக நான்கு பேர் அறையில் இருப்பதற்குச் சமம்! கான்கிரீட் சூட்டைச் சேமித்து வைப்பதால், உச்சி வெயில் தணிந்து பல மணி நேரம் கழித்தே இந்த ஓட்டம் உச்சத்தைத் தொடும். இரவில் தூக்கம் கெடுவது இதனால்தான்.

கூரைக்கு வெள்ளை பூசுவதற்கு முன்பும் பின்பும், ஒரே மாதிரி வெயில் உள்ள நாள்களில் அளந்தால், செலவழித்த பணம் பலன் தந்ததா என்று தெரிந்துவிடும்.

கவனம்!

சென்சாருக்கும் கூரைக்கும் நடுவே காற்று இடைவெளி கூடாது. வெயிலோ, ஃபேன் காற்றோ நேரடியாகப் படக்கூடாது. ஒரு மணி நேர அளவை நம்பக் கூடாது. சுவர்களை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ 9869 தரநிலை, குறைந்தது 72 மணி நேரம் அளக்கச் சொல்கிறது.

சென்சார் இல்லையா? இரவு எட்டு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். பிறகு மேற்குச் சுவரைத் தொடுங்கள். இரண்டும் ஒரே சிமென்ட் பூச்சு என்றால், அதிகம் சுடும் இடத்துக்கே முதல் செலவு!