எரிந்த எஸ்எம்பிஎஸ்ஸும் இல்லாத பில்லும்

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், கட்டட வரைபடம் போடுபவர்கள், அனிமேஷன் வேலை பார்ப்பவர்கள் எனக் கம்ப்யூட்டரை நம்பியே பிழைக்கிறவர்கள் நாலைந்து லட்சம் செலவழித்து ஒர்க்ஸ்டேஷன் அசெம்பிள் செய்கிறார்கள். பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கை வைப்பது எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான். "அதுல என்ன சார் இருக்கு, வாட்ஸ் வந்தா போதும்" என்று கடைக்காரரும் சொல்லிவிடுகிறார். சில மாதங்கள் கழித்து இரவெல்லாம் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கருகல் நாற்றம் வருகிறது. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே போகின்றன. கடைக்குப் போனால் பில் கேட்கிறார்கள். கையில் இருப்பது தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. ஊர் மாறினாலும் இந்தக் கதை மாறுவதில்லை.

முதலில் லேபிள். பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் 500 வாட்ஸ் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற தலைப்பின் கீழே 16 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 192 வாட்ஸ். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அநேகமாக முழு கரண்டையும் 12 வோல்ட் லைனிலிருந்துதான் எடுக்கின்றன. ஆகவே நீங்கள் வாங்குவது 500 அல்ல, 192. ஒழுங்கான 1000 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு நேராக ஏறத்தாழ 83 ஆம்பியர் இருக்கும். அந்தக் கட்டமே லேபிளில் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம். லேபிளில் பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்டிருந்தால், கடையில் நிற்கும்போதே போனில் பிஐஎஸ் கேர் செயலியைத் திறந்து சரிபாருங்கள். அந்த எண் யாருடையது என்று அது காட்டிவிடும்.

80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் என்ற முத்திரைகளைப் பார்த்துப் பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அந்த முத்திரை சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் 90 சதவீதம் திறன் காட்டினால் கோல்டு. ஓவர்லோடு ஆனால் தானாக அணையுமா, ஷார்ட் ஆனால் மற்ற பாகங்களைக் காப்பாற்றுமா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் கோல்டு முத்திரை பெற்றவைதான். சோதனைகளில் அவை வெடித்துச் செயலிழந்ததாகப் புகார்கள் கிளம்பி, 2021 ஆகஸ்டில் குறிப்பிட்ட சீரியல் எண்களுக்கு அந்த நிறுவனம் மாற்றித்தர முன்வந்தது. பிராண்டு பெயரோடு நிறுத்தாமல், வாங்கப்போகும் அதே மாடலைப் பிரித்துச் சோதித்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுப் போங்கள்.

எத்தனை வாட்ஸ்? ரைசன் 9 9950எக்ஸ் பிராசசருக்கு அறிவித்த அளவான டிடிபி 170 வாட்ஸ் என்றாலும் முழு வேலையில் 230 வாட்ஸ் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575. மதர்போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் 150 வையுங்கள். கிட்டத்தட்ட 955 வருகிறது. என்விடியாவே இந்தக் கார்டுக்கு 1000 வாட்ஸ் கேட்கிறது. நான் 1200க்குக் கீழே போகச் சொல்ல மாட்டேன். கார்டு கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகத் திடீரென்று தன் அளவைத் தாண்டிக் கரண்டை இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரவிதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இருமடங்கு இழுவையை 100 மைக்ரோவினாடி தாங்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். புதிதாக வாங்குபவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். எத்தனை டிகிரி வெப்பத்தில் அந்த வாட்ஸைத் தரும் என்பதையும் பாருங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறைக்கு 50 டிகிரி என்று எழுதியதுதான் சரி.

கேபிளில் செய்யும் தவறுகளைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். பிளக் பொருந்தும். உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், பல வருட வேலை சேமித்த டிஸ்க்குகள் ஒரு நொடியில் சாகும். பெட்டியில் வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். புதிய 16 பின் கனெக்டர் 600 வாட்ஸ் வரை கடத்துகிறது. அது கொஞ்சம் வெளியே நின்றாலும் சூடாகி உருகும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த மாதமே உருகிய படங்கள் வரத் தொடங்கின, அடுத்த ஆண்டு கனெக்டரையே திருத்தினார்கள். திருத்திய பிறகும் முழுதாக அழுத்திச் செருகவேண்டியது நீங்கள்தான்.

சுவருக்கு வருவோம். 1200 வாட்ஸ் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 1330 வாட்ஸ் அளவுக்கு இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டின் எல்லை 230 வோல்ட்டில் 1380. மானிட்டர்களும் அதிலேயே மாட்டினால் எல்லை தாண்டிவிடும். 16 ஆம்பியர் பாயின்ட் போடச் சொல்லுங்கள், எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 கேவிஏ யுபிஎஸ் பெரும்பாலும் 600 வாட்ஸ்தான் தாங்கும். 955 வாட்ஸ் மெஷினுக்கு 2 கேவிஏ, அதுவும் ப்யூர் சைன் வேவ். வோல்டேஜ் ஏறி இறங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987இல் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். "வோல்டேஜ் ஏறி எரிந்தது, வாரண்டி கிடையாது" என்று நாளை சொல்லப்போகிறவர்களுக்குப் பதில் சொல்ல அந்த எண் தேவைப்படும்.

இனி பில். ஜிஎஸ்டி போட்ட பில் வாங்குங்கள். அதில் எஸ்எம்பிஎஸ்ஸின் மாடலும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் அசெம்பிள் செட் 1" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, பாகம் பாகமாக எழுதச் சொல்லுங்கள். வரி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்குகிறவர் 10 வருட வாரண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவு 2(47), பில் தராததை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையும் அதே பிரிவு குற்றம் சொல்கிறது. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்ற போர்டைப் பார்த்து வாய்மூடித் திரும்ப வேண்டியதில்லை.

எரிந்துவிட்டதா? மெயினை அணையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் ஆளைக் கொல்லும், திறந்த சீலைக் காட்டி வாரண்டியும் மறுப்பார்கள். சர்வீஸ் சென்டரில் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வழக்குப் போட்டால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம், அப்போது பொருளோ அதன் ரசீதோ உங்கள் கையில் இருக்க வேண்டும். சீரியல் எண் தெரியும்படி, கருகிய இடம் தெரியும்படி போட்டோ எடுங்கள். கடைக்கும் தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் 15 நாள் கெடு கொடுத்துக் கடிதம் எழுதுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போனில் பேசியது எங்கும் நிற்காது. "கம்பெனியைக் கேளுங்க" என்று கடைக்காரர் கைகழுவ முடியாது, விற்றவர் அவர்தான்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அங்கே சமரசம்தான், தீர்ப்பு கிடையாது. தீர்ப்பு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கடை சென்னை ரிச்சி தெருவில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் தென்காசியிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். எஸ்எம்பிஎஸ்ஸால் கருகிய மதர்போர்டு, கார்டு ஆகியவற்றின் இழப்பையும் பொருள் பொறுப்பு என்ற அத்தியாயத்தின் கீழ்க் கேளுங்கள். வாரண்டி அட்டை எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றித்தருவதாகச் சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

இங்கே ஒர்க்ஸ்டேஷன்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் அல்ல. எதிர்த்தரப்பு முதல் வேலையாக இதைத்தான் சொல்லும். ஆனால் சுயதொழில் செய்து தன் வாழ்வாதாரத்துக்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோராகவே சட்டம் ஏற்கிறது. "சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கினேன்" என்று புகாரிலும் அபிடவிட்டிலும் தெளிவாக எழுதுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். கம்பெனி பெயரில் பில் போட்டு, ஜிஎஸ்டி வரிக்கழிவும் எடுத்துவிட்டு இப்படி எழுதினால் குறுக்கு விசாரணையில் தாங்காது. தனியாகத் தொழில் செய்பவர் தன் சொந்தப் பெயரில் பில் வாங்கட்டும், பணத்தை வங்கி மூலம் கொடுக்கட்டும்.

பழுது வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் பதிவாக வேண்டும். சர்வீஸ் சென்டரில் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிச் சொல்லி அந்த 2 வருடத்தையும் ஓட்டிவிடுவார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் தேதி போட்ட ஜாப் ஷீட் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதைப் புகாரோடு இணையுங்கள்.