ஓஸ்டர்ன் திரைப்படம்

ஓஸ்டர்ன் என்பது அமெரிக்க வெஸ்டர்ன் திரைப்படங்களின் பாணியில் சோவியத் ஒன்றியத்தில் எடுக்கப்பட்ட திரைப்பட வகையாகும். கிழக்கு எனப் பொருள்படும் ஓஸ்ட் என்னும் செருமானியச் சொல்லிலிருந்து இப்பெயர் அமைந்தது. பெரும்பாலும் 1917 புரட்சியை அடுத்த உள்நாட்டுப் போர்க்காலமே கதைக்காலம். நடு ஆசியப் பாலைவனமும் புல்வெளியும் கதைக்களம். ஷெரீப்பின் இடத்தில் செம்படை வீரனும் கொள்ளையரின் இடத்தில் பஸ்மாச்சி கிளர்ச்சியாளரும் வருவர். அக்கிளர்ச்சியாளரின் தரப்பு இப்படங்களில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கிழக்கு செருமனியில் கோய்க்கோ மிட்டிச் நடித்த செவ்விந்தியர் படங்கள் அமெரிக்காவையே களமாகக் கொண்டவை. அவற்றை இவ்வகையோடு குழப்பிக்கொள்ளல் ஆகாது.

இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது விளாதிமிர் மோத்தில் இயக்கி 1970 இல் வெளியான பாலைவனத்தின் வெண்சூரியன் ஆகும். போர் முடிந்து வீடு திரும்பும் சூகவ் என்னும் வீரன், கொள்ளைத் தலைவன் அப்துல்லா விட்டுச்சென்ற மனைவியரைக் காக்கும் பொறுப்பை ஏற்க நேர்கிறது. கதைத்தலைவன் சூகவ் என்றாலும் மனத்தில் நிற்பவர் வெரெஷ்சாகின் எனலாம். சாரின் ஆட்சியில் சுங்க அதிகாரியாக இருந்த இவர், ரொட்டியின்றி நாள்தோறும் கேவியரையே உண்டு சலித்தவர். இப்பாத்திரத்தில் நடித்த பாவெல் லுஸ்பெக்காயெவ், நோயினால் பாதங்களின் பகுதிகள் அகற்றப்பட்ட நிலையிலேயே மணலில் நடந்து நடித்தார். படம் வெளியான சில வாரங்களில், 1970 ஏப்ரலில் அவர் காலமானார்.

பைக்கனூரிலிருந்து விண்வெளிக்குப் புறப்படுமுன் வீரர்கள் இப்படத்தைப் பார்ப்பது நீண்டகால மரபாகும்.